கண் மஞ்சளானால் கல்லீரல்தானா? குதிரை வளர்ப்போர் கேள்வி – பதில்

எங்கள் நாட்டுக் குதிரைக்கு ஏழு வயது. மூன்று வாரமாகச் சரியாகத் தீனி எடுப்பதில்லை. உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. காய்ச்சல் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகத் தெரிகிறது. "கல்லீரலாக இருக்கலாம்" என்கிறார் மருத்துவர். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னதான் செய்வது?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

மருத்துவர் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது சரி. பரிசோதனை இல்லாமல் அதற்கு மேல் சொன்னால்தான் தவறு.

கண் மஞ்சளாவதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, பட்டினி. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் நாள் முழுக்கக் குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். தீனி நின்றுபோனால், ரத்தத்திலிருக்கும் மஞ்சள் நிறமியான பிலிருபினைக் கல்லீரல் உள்ளே இழுப்பது குறைந்துவிடுகிறது. கல்லீரல் நல்ல நிலையில் இருந்தாலும், இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே குதிரையின் கண் மஞ்சளாகலாம். நலமாக இருக்கும் சில குதிரைகளுக்கே கண் லேசான மஞ்சளாகத்தான் இருக்கும். ஆகவே கண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும்.

இரண்டாவது வழி, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது. உண்ணி பரப்பும் பபீசியா, தெய்லேரியா கிருமிகள் இந்த வேலையைச் செய்யும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா என்று கவனியுங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை இழப்பு, ரத்தசோகை, அடிவயிற்றிலும் கால்களிலும் நீர்வீக்கம் என்று சேர்ந்து வந்தால், ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வரும் 'சர்ரா' நோயை நினைத்தாக வேண்டும். இது கடிக்கும் பெரிய ஈக்களால் பரவுகிறது. சர்ரா வந்த குதிரை பெரும்பாலும் தீனி தின்றுகொண்டேதான் மெலியும். உங்கள் குதிரை தீனியையே ஒதுக்குகிறது என்பதால் சர்ரா இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கிருமிகளைத் தேட, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்; இதுதான் ரத்தப் பூச்சு. இதை எடுப்பதற்கு நேரம் முக்கியம். காய்ச்சல் ஏறியிருக்கும்போது, எந்த ஊசியும் போடும் முன் எடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்த பூச்சில் கிருமி தெரியாமல் போவது சகஜம். ஒரு பூச்சு சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. மறுபடி எடுக்க வேண்டும், நோய் எதிர்ப்பொருள் சோதனையும் செய்யலாம். இன்னொன்று: இந்த ரத்தக் கிருமிகளுக்காக மாட்டுக்குத் தாராளமாகப் போடப்படும் டைமினசீன் ஊசி குதிரைக்கு ஆபத்தான மருந்து. மாட்டுக் கணக்கில் அதைப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கல்லீரல் மூன்றாவது வழி. அது நோயுற்றிருந்தாலும் பெரும்பகுதி பழுதாகும் வரை வெளியே காட்டிக்கொள்ளாது. அதன் திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் பல குதிரைகளில் அறிகுறி தெரியும். அதனால் 'திடீரென்று வந்தது' போல் தோன்றும் நோய் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். காய்ச்சல், மஞ்சள், விட்டுவிட்டு வரும் லேசான வயிற்றுவலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் கல்லோ தொற்றோ இருக்க வாய்ப்பு உண்டு. பித்தப்பை இல்லாவிட்டாலும் குழாயில் கல் உருவாகும். தொற்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் ஐந்து நாளில் முடியாது, வாரக்கணக்கில் தேவைப்படும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும்.

உங்கள் பங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையும் மாலையும் ஆசனவாய் வெப்பம் (இயல்பு 37.5 – 38.5 டிகிரி செல்சியஸ்), தாடைக்கு அடியில் நாடி (நிமிடத்துக்கு 28 – 44), மூச்சு (8 – 16), தின்ற அளவு, லத்தியின் அளவும் நிறமும், சிறுநீர் நிறம். வாரம் ஒரு முறை எடை. மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் ஏறக்குறைய 323 கிலோ. மருந்தின் அளவு இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. கண் மதிப்பில் 50 கிலோ பிசகுவது வெகு சாதாரணம்.

மூக்கில் கெட்டிச் சளியும் தோலில் முடிச்சுமுடிச்சாகப் புண்களும் இருந்தால், மற்றதெல்லாம் பிறகு. குதிரையைத் தனியே கட்டுங்கள், கையுறை போடுங்கள், உடனே அரசு மருத்துவருக்குச் சொல்லுங்கள். இது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும்; தகவல் தரவேண்டியது சட்டப்படி கட்டாயம். அதன் உறுதிச் சோதனை ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது.

மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தோம். எஸ்.ஜி.பி.டி. இயல்பு, எஸ்.ஜி.ஓ.டி. கூடுதல், பிலிருபின் 4 என்று வந்திருக்கிறது. கல்லீரல் போய்விட்டதா?
– வாசகர், மதுரை

இந்தத் தாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மனிதருக்குக் கல்லீரலைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. குதிரைக்குப் பயன்படாது. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலிருந்தும் வரும், ஓடிக் களைத்த குதிரைக்கும், லாரியில் நின்றுகொண்டே வந்த குதிரைக்கும் கூடும். அதோடு சி.கே. என்ற தசை என்சைமையும் பார்த்தால்தான் தசையா கல்லீரலா என்று பிரிக்கலாம். பிலிருபின் 4 என்பது பட்டினியாலேயே வரக்கூடியது.

கேட்க வேண்டியவை இவை: ஜி.ஜி.டி. (பித்தக்குழாய்ப் பாதிப்பு), ஜி.எல்.டி.எச். (கல்லீரல் செல் சிதைவு), பித்த அமிலங்கள், அல்புமின், குளோபுலின், முழு ரத்த எண்ணிக்கை. இவற்றில் பித்த அமிலம்தான் கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைக் காட்டும்; என்சைம்கள் காயம் இருப்பதை மட்டுமே காட்டும். பித்தப்பை இல்லாததால் குதிரையை இதற்காகப் பட்டினி போட வேண்டாம், ஒரு முறை எடுத்த ரத்த மாதிரியே போதும். தீனி எடுக்காத குதிரையில் பித்த அமிலம் லிட்டருக்கு 20 மைக்ரோமோல் வரை ஏறலாம். அதைத் தாண்டினால் கல்லீரலைத் தீவிரமாகப் பார்க்க வேண்டும்.

மாதிரி கெட்டுப்போனால் எண்ணும் கெட்டுவிடும். ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சிவப்பு மூடிக் குழாயில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு மூடிக் குழாயைக் குலுக்காதீர்கள்; சிவப்பணு உடைந்தால் எஸ்.ஜி.ஓ.டி. பொய்யாகக் கூடும். பிலிருபின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ஐஸ் நேரடியாகக் குழாயில் படக்கூடாது, உறையக்கூடாது.

இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து அதே கூடத்தில் மறுபடி பாருங்கள். குதிரை தேறிவரும்போதும் ஜி.ஜி.டி. சில வாரம் இறங்காமல் நிற்கும். அதைக் கண்டு பயந்து மருந்தை மாற்ற வேண்டாம். பித்த அமிலம் இறங்குகிறதா, குதிரை தின்கிறதா என்பதே கணக்கு. காரணம் தெரியாமலே இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்கேன் பார்த்து, கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன் ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்தாக வேண்டும். நோயுற்ற கல்லீரலில் உறைபொருள் குறைந்திருக்கும், குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் போகலாம்.

குதிரை சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அடிக்கடி கொட்டாவி விடுகிறது. ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. இதுவும் கல்லீரல்தானா?
– வாசகர், திருச்சி மாவட்டம்

ஆகலாம். கல்லீரல் அகற்றாத அம்மோனியா மூளையைத் தாக்கும்போது இப்படித்தான் ஆகும். ஆனால் நம் ஊரில் இப்படி நிற்கும் குதிரைக்கு வெறிநோய் இல்லை என்று தெரியும் வரை வெறிநோய் என்றே நடத்துங்கள். வாய்க்குள் கை விடாதீர்கள், எச்சில் படவிடாதீர்கள், பிள்ளைகளை விலக்குங்கள். நாய் கடித்த நினைவு இல்லை என்பது ஆதாரமாகாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் மூளையைச் சிதைத்து இதே கோலத்தை உண்டாக்கும்.

மருத்துவர் வரும் வரை கல், கம்பி, தொட்டி எதுவும் இல்லாத இடத்தில் விடுங்கள்; சுவரோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்குங்கள். குதிரைக்கு முன்னால் நிற்காதீர்கள். லாரியில் ஏற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவரை இடத்துக்கு வரவழைப்பதே நல்லது. தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

கல்லீரல் நோய் என்று உறுதியாகிவிட்டது. கொள்ளு கொடுக்கலாமா? என்ன தீனி?
– வாசகர், தேனி

முதலில் தின்ன வையுங்கள். எதைத் தின்பது என்பது அதற்குப் பிறகு. பட்டினி கிடக்கும் குதிரை உடம்புக் கொழுப்பைக் கரைக்கும், அந்தக் கொழுப்பும் கல்லீரலிலேயே போய்ச் சேரும். சர்க்கரைச் சத்தை உண்டாக்கிச் சேமிப்பது கல்லீரலின் வேலை என்பதால், பழுதான கல்லீரலுள்ள குதிரைக்கு நீண்ட இடைவெளி ஆகாது. ஒரு நாள் தீனியை ஐந்து ஆறு வேளையாகப் பிரியுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு வேளை கட்டாயம்.

320 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 – 6 கிலோ காய்ந்த அருகம்புல் அல்லது நல்ல ஓட்ஸ் வைக்கோல் அடிப்படை. அதோடு உடைத்த சோளமும் கோதுமைத் தவிடும் சேர்த்து மொத்தம் ஒன்றரைக் கிலோ வரை, வெல்லத் தண்ணீர் தெளித்து, வேளைக்குக் கால் கிலோவாக. புதிய கலவையை ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும்.

கொள்ளில் புரதம் நூற்றுக்கு 20-க்கு மேல். மூளை அறிகுறி இருந்தால் கொள்ளு, புண்ணாக்கு, குதிரைமசால் மூன்றையும் நிறுத்துங்கள். அந்த அறிகுறி இல்லாமல் மெலிந்து மட்டும் போயிருந்தால், புரதத்தை அடியோடு வெட்டுவது தசையைக் கரைத்து நிலைமையை மோசமாக்கும். வேகவைத்த கொள்ளைப் பாதியாகக் குறைத்தால் போதும். எண்ணெய் வேண்டாம்.

வெள்ளை முடி உள்ள மூக்கிலும் கால்களிலும் தோல் சிவந்து உரிந்தால், பச்சைப்புல்லிலிருந்து வரும் ஒரு பொருளைக் கல்லீரல் வெளியேற்றாததுதான் காரணம். வெயில் பட்டதும் அது தோலைச் சுடுகிறது. பகலில் நிழலில் கட்டுங்கள், பசும்புல்லைக் குறையுங்கள்.

"ரத்தம் ஊறட்டும்" என்று இரும்பு டானிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. குதிரைக்கு இரும்புப் பற்றாக்குறை அரிது. மிஞ்சிய இரும்பு கல்லீரலில்தான் படியும். நிறுத்திவிடுங்கள்.

சணப்பை மடக்கி உழுத வயலோரத்தில் மேய்கிறது. ஆடுகளும் அதையேதான் தின்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. குதிரைக்கு மட்டும் ஆகுமா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ஆகும். சணப்பை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இவற்றிலெல்லாம் பைரோலிசிடின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆடு அதை வெகுவாகத் தாங்கும், குதிரை தாங்காது. செடிக்குச் செடி தாக்கும் உறுப்பு மாறும், சில நுரையீரலையும் கெடுக்கும். விதையில் நச்சு அதிகம். பச்சையாக இருக்கும்போது குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும்; காய்ந்த புல்லுக்குள் கலந்துவிட்டால் பிரித்தறியாது, நச்சும் குறையாது. கல்லீரல் செல்கள் புதிதாகப் பிரிய முடியாமல் நார் படிந்துகொண்டே போகும். தின்று பல மாதம் கழித்து நோய் வெளிப்படுவதால் யாரும் புல்லைச் சந்தேகிப்பதில்லை. வாங்கிய புல்கட்டில் இரண்டை உதறி, கையால் பிரித்துப் பாருங்கள்.

கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தனிச் சந்தேகத்துக்குரியவை. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, வேகவைத்தாலும் போகாது. குதிரை நோயுற்ற அன்றே பழைய தீனியை முழுவதும் மாற்றுங்கள். ஆனால் தூக்கி எறியாதீர்கள். மூட்டையின் நாலைந்து இடத்திலிருந்து எடுத்து ஒரு கிலோவைக் காகிதப் பையில், தேதி எழுதி வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கோழித் தீவனத்தைக் குதிரைக்கு வைக்கவே கூடாது. அதில் சேர்க்கப்படும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

குளம்பில் ஆணி குத்தியதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ரணஜன்னி ஊசி போட்டோம். இப்போது கண் மஞ்சள், சோர்வு. சம்பந்தம் உண்டா?
– வாசகர், கோவை

எந்த ஊசி என்று மருந்துக் குப்பியைப் பாருங்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் என்றால் சம்பந்தம் இருக்கலாம். ஊசி போட்டு நான்கு முதல் பத்து வாரத்துக்குள் கல்லீரல் வேகமாகச் சிதையும் ஒரு நோய் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தெய்லர் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு. 2018-இல் அமெரிக்காவில் இதற்குப் பின்னால் ஒரு பார்வோ வைரஸ் கண்டறியப்பட்டது. சீரம் பெற்ற குதிரைகளில் மிகச் சிலவற்றுக்கே இது வரும். ஆனால் கல்லீரல் செயலிழந்த நிலையில் வருபவற்றில் பாதி பிழைப்பதே கடினம். ஆகவே காத்திருக்காமல் ரத்தம் பாருங்கள். டாக்சாய்டு எனப்படும் தடுப்பூசியால் இது வருவதில்லை. நான்கு வார இடைவெளியில் இரண்டு டாக்சாய்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று போட்டுவந்தால் சீரம் தேவைப்படும் நிலையே பெரும்பாலும் வராது.

கீழாநெல்லி அரைத்து மூங்கில் குழாயில் ஊற்றலாமா?
– வாசகர், சேலம்

குழாயில் ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது மருந்து நுரையீரலுக்குப் போகும். சோர்ந்த குதிரை விழுங்கத் தடுமாறும். கல்லீரல் நோயில் தொண்டைத் தசைகளே செயலிழப்பதும் உண்டு. கல்லீரலால் பிழைத்திருக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் போய்விடும். கீழாநெல்லியைத் தவிட்டில் கலந்து தானாகத் தின்றால் தின்னட்டும். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சவாரிக்கு விடும் மட்டக்குதிரை. நல்ல கொழுப்பு. ஒரு நாளாகத் தின்னவில்லை. காத்திருக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

கூடாது. கொழுத்த மட்டக்குதிரையும் கழுதையும் ஒரு நாள் பட்டினியிலேயே உடம்புக் கொழுப்பை ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். சினையாக இருந்தால் இன்னும் வேகமாக. இன்றே ரத்தம் எடுக்கச் சொல்லி, சிவப்பு மூடிக் குழாயை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்து, மேலே தெளியும் சீரத்தைப் பாருங்கள். பால்போல் கலங்கியிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கும். மூக்குக் குழாய் வழித் தீனியோ நரம்பு வழிக் குளுக்கோஸோ அன்றே ஏற வேண்டும். தெளிந்திருந்தாலும் பல், வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஏன் தின்னவில்லை என்பதைத் தேடுங்கள்.