காம்பிட் ஆடினால் மகளின் ரேட்டிங் போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்கு வருடமாக செஸ் ஆடுகிறாள், ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1520. வெள்ளைக் காய்களில் இதுவரை லண்டன் சிஸ்டம் என்ற ஓபனிங் மட்டும்தான். இப்போது "போரடிக்குதுப்பா, அட்டாக் பண்ற ஓபனிங் வேணும்" என்கிறாள். காம்பிட் (சிப்பாயைக் கொடுத்துவிட்டு அட்டாக் செய்யும் ஓபனிங்) எல்லாம் 1800க்கு மேல் எடுபடாது, ரேட்டிங் விழும் என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். இன்னொருவர் 14,000 ரூபாய்க்கு "அட்டாக்கிங் ஓபனிங் பேக்கேஜ்" தருகிறேன் என்று சொல்லி 2,000 முன்பணமும் வாங்கிவிட்டார். என்ன செய்யட்டும்? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அதாவது இ4 (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை) ஆடித் தொடங்கட்டும். எதிராளி இ5 ஆடினால் ஸ்காட்ச் காம்பிட். ரேட்டிங் ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கலாம், ஏறிவிடும். 14,000 ரூபாய் வேண்டவே வேண்டாம்.

13 வயதுப் பிள்ளை போரடிக்கிறது என்று சொன்னால் நான் அதை அடம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். லண்டன் சிஸ்டம் மோசமான ஓபனிங் இல்லை. 2023 உலக சாம்பியன்ஷிப்பில் 6ஆவது ஆட்டத்தை டிங் லிரன் அதை ஆடித்தான் ஜெயித்தார். ஆனால் அவர் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஆடிக் கற்றவர். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் வேறு. எதிராளி என்ன ஆடினாலும் டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று ஏறக்குறைய ஒரே வரிசை, ஒரே வகுப்பில் 20 பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பெற்றோருக்கும் பிள்ளை "ஓபனிங் தெரிந்து" ஆடுவதாகத் தெரியும். சண்டை 15ஆவது, 20ஆவது மூவுக்குத் தள்ளிப்போகிறது, அதற்குள் பாதிப் பிள்ளைகளுக்குக் கவனமே கலைந்துவிடுகிறது. உங்கள் மகள் கேட்பது சண்டை சீக்கிரம் வரும் ஆட்டம். வளர வேண்டிய வயதில் அதைக் கேட்பது நல்ல அறிகுறி.

சரி, ஸ்காட்ச் காம்பிட் என்றால் என்ன? வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை குதிரையை எஃப்3க்குக் கொண்டுவருகிறது, கறுப்பு தன் குதிரையை சி6க்கு. மூன்றாவது மூவில் வெள்ளை டி4 தள்ளுகிறது, கறுப்பு சிப்பாய் அதை வெட்டுகிறது. இங்கே வழக்கமாகக் குதிரையால் திருப்பி வெட்டுவார்கள். உங்கள் மகள் வெட்டக் கூடாது, பிஷப்பை சி4க்கு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் காம்பிட். சிப்பாய் ஒன்று போயிருக்கிறது, பதிலுக்கு நான்காவது மூவிலேயே பிஷப்பும் குதிரையும் வெளியே நிற்கின்றன, அடுத்த மூவில் காஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்திப் பத்திரப்படுத்தும் மூவ்) செய்துகொள்ளலாம். பிஷப் நேராகப் பார்ப்பது எஃப்7 கட்டத்தை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் காவல் காக்காத சிப்பாய் நிற்கும் இடம் அது.

இதில் ஒன்றைப் பலகையில் வைத்துப் பாருங்கள், மகளும் நீங்களும் சேர்ந்தே. நான்காவது மூவில் கறுப்பும் பிஷப்பை சி5க்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை சி3 தள்ளி இன்னொரு சிப்பாயை நீட்டுகிறது. 1500 ரேட்டிங்கில் பலர் அதையும் எடுப்பார்கள். எடுத்தால் வெள்ளை பிஷப் எஃப்7இல் வெட்டி செக். ராஜா பிஷப்பை வெட்டியே தீர வேண்டும், இல்லாவிட்டால் சிப்பாய் சும்மா போனது. வெட்டியதும் வெள்ளை ராணி டி5க்கு வந்து மறுபடி செக். அதே ராணி சி5இல் நிற்கும் கறுப்பு பிஷப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராஜா நகர்ந்ததும் ராணி பிஷப்பை எடுத்துக்கொள்ளும். கொடுத்த பிஷப்புக்குப் பதில் பிஷப் வந்துவிட்டது, கறுப்பு ராஜா காஸ்லிங் செய்ய முடியாமல் வெட்டவெளியில் நிற்கிறது. இதை முதல்முறை பலகையில் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் நான் இன்னும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஓபனிங் இது. 1824இல் எடின்பரோ, லண்டன் கிளப்புகள் தபாலில் ஆடிய போட்டியிலிருந்துதான் ஸ்காட்ச் என்ற பெயரே வந்தது. இருநூறு வருடமாக எல்லோரும் அலசியும் செத்துப்போகவில்லை, ஏனென்றால் இதில் பொய் இல்லை. கறுப்பு சரியாக ஆடினால் ஆட்டம் சமம், வெள்ளைக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது.

உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி. எடுபடாத காம்பிட்டுகள் இருக்கின்றன, அவைதான் இன்று பிள்ளைகளின் கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்லண்ட் காம்பிட் என்று ஒன்று. வெள்ளை டி4 ஆட, கறுப்பு இ5 என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கிறது. அடுத்து ராணி இ7, பி4, பி2 என்று ஓடி வெள்ளையின் சிப்பாயை எடுக்கிறது. வெள்ளை ஆசைப்பட்டு அந்த ராணியைத் துரத்த பிஷப்பை சி3க்குக் கொண்டுவந்தால் போச்சு, இரண்டே மூவில் ராணி போகும், இல்லை செக்மேட். ஒரு நிமிட வீடியோவுக்கு அருமையான விஷயம். ஆனால் வெள்ளை பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை சி3இல் வைத்தால் கதை முடிந்தது. கறுப்பு ராணி எதிரி வீட்டுக்குள் அலைந்துகொண்டிருக்கும், மற்ற காய்களில் பெரும்பாலானவை வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்காது. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எதிராளி தப்பு செய்தால் மட்டும் நன்றாக இருக்கும் ஓபனிங்கை மகள் தொடவே வேண்டாம். எதிராளி சரியாக ஆடினாலும் நம் காய்கள் நன்றாக நிற்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். ஸ்காட்ச் காம்பிட்டில் நிற்கின்றன.

காம்பிட் என்றாலே சின்னப் பிள்ளை விளையாட்டு என்பதும் தவறு. 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் நம் ஆனந்துக்கு எதிராக எவான்ஸ் காம்பிட் ஆடி 25 மூவில் ஜெயித்தார். எல்லோரும் அருங்காட்சியகப் பொருள் என்று ஒதுக்கிவைத்திருந்த ஓபனிங் அது. மகளுக்கு ஸ்காட்ச் பழகிய பிறகு எவான்ஸுக்குப் போகலாம், அதிலும் அதே சி4 பிஷப், அதே எஃப்7.

இனி ஒரு இடத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நான்காவது மூவில் கறுப்பு, பிஷப்பை எடுக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவரும். நல்ல மூவ் அது. உங்கள் மகள் இ5 தள்ளிக் குதிரையைத் தாக்க வேண்டும். கறுப்பு குதிரையை நகர்த்தாமல் டி5 தள்ளும், சி4 பிஷப்பைப் பதிலுக்குத் தாக்கும். இப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு காய் தாக்குதலில். பிள்ளையின் கை தானாகக் குதிரையை வெட்டப் போகும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஸ்கோர்ஷீட்டில் பேனா மூடியைக்கூடத் திறக்காமல் வெட்டிவிடுவார்கள். வெட்டினால் கறுப்பு பிஷப்பை வெட்டும், கணக்கு சமமாகத் தெரியும், ஆனால் கறுப்புச் சிப்பாய்கள் நடுவில் கெட்டியாக உட்கார்ந்துவிடும், அட்டாக் செய்பவர் மாறிவிடுவார். சரியான மூவ் பிஷப்பை பி5க்கு நகர்த்துவது. அது சி6 குதிரையைக் கட்டிப்போடுகிறது. கறுப்புக் குதிரை இ4க்கு ஓடும். அப்போதுதான் வெள்ளைக் குதிரை டி4 சிப்பாயை வெட்ட வேண்டும். பார்த்தீர்களா, கொடுத்த சிப்பாய் திரும்பி வந்துவிட்டது. இப்போது சி6 குதிரையின் மேல் இரண்டு தாக்குதல், கறுப்பு அதைக் காக்க பிஷப்பை டி7இல் வைக்கும். வெள்ளை பிஷப்பால் அந்தக் குதிரையை வெட்டிவிட்டு, காஸ்லிங் செய்துகொண்டு, எஃப்3 தள்ளி இ4 குதிரையை விரட்டி, அதே சிப்பாயை எஃப்4, எஃப்5 என்று கொண்டுபோகலாம். அட்டாக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் இருக்கிறது. பிள்ளைகள் இந்த இடத்தில் "காம்பிட்டே போச்சு" என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இந்த ஒரு வரிசையை மகள் 20 முறை ஆடிப் பழகட்டும், மற்றதெல்லாம் தானாக வரும்.

கறுப்பு இ5க்குப் பதிலாக சி5 ஆடும் சிசிலியன் வந்தால்? ஸ்மித் மோரா காம்பிட், அங்கேயும் டி4, சி3, சி4 பிஷப்தான். பிரெஞ்சு (கறுப்பு இ6), காரோ கான் (கறுப்பு சி6) வந்தால் இப்போதைக்கு டி5இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு காய்களை வெளியே எடுக்கட்டும், போதும். கறுப்புக் காய்களில் ஆடும்போது எதையும் மாற்ற வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் மாற்றினால் எதுவும் நிற்காது.

ரேட்டிங் கணக்குக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் அதுதான். 18 வயது வரை, 2300க்குக் கீழே இருக்கும்வரை, சமமான எதிராளியிடம் தோற்றால் சுமார் 20 புள்ளி போகும், ஜெயித்தால் அதே 20 வரும். ஆக மூன்று ஆட்டம் தோற்றால் 60, மூன்று ஜெயித்தால் அந்த 60 திரும்ப வந்துவிடும். பெரியவர்களுக்குப் பொதுவாக இதில் பாதிதான் ஏறும், இறங்கும். அதனால் புதிதாகக் கற்று, தோற்று, திரும்ப ஏறுவதற்கு இதைவிட நல்ல வயது கிடையாது. 2024 மார்ச் முதல் ரேட்டிங் பட்டியலே 1400இல்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே போனால் பட்டியலில் பெயர் இருக்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1520இல் இருக்கும் பிள்ளை ஒரு ஓபனிங் மாற்றியதற்காக அங்கே போகாது.

இந்தப் பயத்தை வளர்த்துவிட்டதே நம் போட்டி நடத்தும் முறைதான். "1600க்குக் கீழ் சிறந்தவர்" என்று தனிப் பரிசு வைக்கிறார்கள், பிறகு பெற்றோர் பிள்ளையை 1590இல் நிறுத்திவைக்கக் கணக்குப் போடுகிறார்கள். நன்றாக ஆடும் ஒரு பையனை அவன் அப்பா கடைசிச் சுற்றுக்கு முன்னால் வெளியே கூப்பிட்டு "டிரா வாங்கிக்கோ, புள்ளி ஏறிடப்போகுது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பையன் உள்ளே போய் 12 மூவில் டிரா கேட்டான். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார், தெருவுக்குத் தெரு அகாடமி வந்தது, எல்லாம் சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு சுற்று ஆடவைத்து ஒரு ஆட்டத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க நேரம் தராத போட்டிகளில் பிள்ளை எதைக் கற்கும்? தோற்ற ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பதில்தான் செஸ் இருக்கிறது.

அந்தப் பேக்கேஜ் ஆசாமி. எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் அந்த வகையை நன்றாகத் தெரியும். "30 நாளில் 1800", "எதிராளி திணறுவார்" என்று விளம்பரம், உள்ளே இருப்பது இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளத்திலிருந்து எடுத்த 25 மூவ் வரிசைகள். என்னிடம் வந்த ஒரு மாணவன் அப்படி ஒன்றை வாங்கி 18 மூவ் மனப்பாடம் செய்திருந்தான். எதிராளி ஆறாவது மூவில் ஏதோ சின்னதாக ஏ6 ஆடினார். வரிசையில் அது இல்லை. 25 நிமிடம் யோசித்தான், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியில் நேரம் போய்த் தோற்றான். 1500இல் எதிராளிகள் புத்தகத்தில் உள்ளதை ஆட மாட்டார்கள், பிள்ளைக்கு வேண்டியது யோசனை தெரிவது. வகுப்பு எடுப்பவர் ஒவ்வொரு மூவுக்கும் "ஏன்" என்று சொல்கிறாரா, மகளுடைய சொந்த ஆட்டத்தைப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ரேட்டிங்குக்கு உத்தரவாதம் தருபவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிலாக இதைச் செய்யுங்கள். லிசெஸ் தளம் முழுக்க இலவசம். அதிலேயே ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது, மகளின் அளவில் ஆடுபவர்கள் உண்மையில் என்ன மூவ் ஆடுகிறார்கள் என்று ரேட்டிங் வாரியாகக் காட்டும். அதைப் பார்த்து அதிகம் வரும் மூன்று பதில்களை மட்டும் ஒரு நோட்டில் அவள் கையால் எழுதட்டும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம். பிறகு 15 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 10 விநாடி சேரும் ஆட்டங்கள், வாரத்துக்கு நான்கு. மூன்று நிமிட பிளிட்ஸ் இப்போது வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் தப்பு எங்கே என்று முதலில் அவளே சொல்லட்டும், அப்புறம் கம்ப்யூட்டரைத் திறக்கலாம். இப்படி ஒரு இருபது ஆட்டம் ஆகும்வரை ரேட்டிங் போட்டியில் புது ஓபனிங்கை இறக்க வேண்டாம், அடுத்த போட்டிக்குப் பழைய லண்டனே இருக்கட்டும்.

2,000 முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். போனது போகட்டும் என்று மிச்சம் 12,000த்தையும் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள், "முன்பணம் வீணாகிடும் சார்" என்று அவர் கட்டாயம் போன் செய்வார்.