ஏற்காடு மலையில் ஹெம்ப் போடலாமா?

கேள்வி: உத்தரகாண்ட் மலை விவசாயிகள் ஹெம்ப் பயிரிட்டு வருமானம் பார்ப்பதாகப் படித்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் சரிவு நிலம் சும்மா கிடக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். ஹெம்ப்பும் கஞ்சா இனம்தான். அனுமதியில்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம். நாருக்கும் விதைக்கும் மட்டும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று அதன் 14-ம் பிரிவு சொல்கிறது. அந்த வழியில்தான் உத்தரகாண்ட் 2018-ல் உரிமம் கொடுத்தது. அங்கும் போதைச்சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் அப்படி உரிமம் தரும் ஏற்பாடு இல்லை.

மண்ணை மூடிக் காக்கவும் நாருக்கும் சணப்பை போடுங்கள். பயறு இனம் என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துச் சேர்க்கும், உரிமம் தேவையில்லை. மிளகு வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும். அடுத்து மிளகு வைக்க நினைத்தால் இந்த ஒன்றுக்காகவே போடலாம்.

ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ விதை. தட்டைப்பயறுக்குப் போடும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஆனி மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக விதையுங்கள். பகல் குறையும்போது பூக்கிற செடி இது. புரட்டாசிக்குத் தள்ளிப்போட்டால் வளராமலே பூத்துவிடும், தழை தேறாது. மலைச் செம்மண்ணில் அமிலத்தன்மை அதிகமென்றால் தழைச்சத்து சேர்க்கும் வேர்முடிச்சு சரியாகப் பிடிக்காது. மண் பரிசோதனை செய்து, அதற்கேற்பச் சுண்ணாம்பு இடுங்கள்.

45-50 நாளில், பூ எட்டிப்பார்க்கும்போதே அறுத்துவிடுங்கள். சமவெளியில் செய்வதுபோல் மடக்கி உழ வேண்டாம். உழுத சரிவு அடுத்த மழையிலேயே கரைந்து ஓடும். அறுத்ததை அப்படியே மூடாக்காகப் பரப்பினால் போதும். நாள் கடந்தால் தண்டு முற்றி மக்கத் தாமதமாகும். முற்றிய தண்டை மண்ணில் கலந்தால் மக்கும்வரை தழைச்சத்தைப் பிடித்துவைத்து, அடுத்த பயிரை மஞ்சளாக்கும்.

கேள்வி: காபிக்கு ஊடே வருமா? நார் எடுக்க என்ன செய்வது?

பதில்: அடர்ந்த நிழலில் வராது. புதிதாகக் கன்று வைத்த திறந்த இடத்தில் போடலாம். நாருக்கென்றால் காய் பிடிக்கும்வரை விட்டு அறுத்து, இலை உதிர்ந்ததும் கட்டாகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சேலம் சமவெளியில் நாலைந்து நாளில் ஊறும்; மலையின் குளிர்ந்த தண்ணீரில் கூடுதல் நாள் பிடிக்கும். அடித்தண்டில் பட்டை வழுக்கிக்கொண்டு உரியும் நாளே பதம். அதற்குமேல் ஊறினால் நார் இற்றுப்போகும். குடிநீர் ஓடையிலோ மீன் குட்டையிலோ ஊறப்போட வேண்டாம், தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடும். காயும் விதையும் மாட்டுக்கு நஞ்சு, ஈரலைக் கெடுக்கும். காய்த்த வயலில் மேயவிடாதீர்கள்.