வேலைநிறுத்தம் செய்யும் மனநல ஊழியர்களை நோயாளியின் வீட்டார் ஆதரிக்கலாமா?

தாராளமாக ஆதரிக்கலாம். அண்ணனுக்கு ஆலோசனை தருகிறவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள், இனி எங்கள் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. வீட்டில் ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்துகொண்டே இருந்தால் அடுத்தவர் சம்பளக் கோரிக்கையை யோசிக்கிற பொறுமை யாருக்கு வரும்? இருந்தாலும் எங்கள் அக்கா கதையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

அக்காவுக்கு மனச்சிதைவு. எங்களுக்கு ஏற்காடு தாண்டி, காபித் தோட்டத்தை ஒட்டின ஊர். அவள் தனக்குத்தானே பேச ஆரம்பித்தபோது ஊரில் எல்லாரும் "குணசீலம் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள், மனநோய் தீர வேண்டிக்கொள்கிற திருச்சிப் பக்கத்துப் பெருமாள் கோயில் அது, அப்பாவும் கூட்டிக்கொண்டு போனார். அதை நான் குறை சொல்லவில்லை, போனதில் அம்மாவுக்காவது கொஞ்சம் தூக்கம் வந்தது. அப்புறம்தான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது ஒரு ஆளுக்கு அவரால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? அக்காவைத் தேற்றியது அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சோசியல் ஒர்க்கர் மேடம். "சாமியும் கும்பிடுங்க ஐயா, மாத்திரையையும் நிறுத்தாதீங்க" என்று அப்பாவிடம் சண்டை போடாமல் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஊசி தேதி தவறினால் மறுநாள் போன் வந்துவிடும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் டீக்கடை நம்பருக்குப் போட்டு, தூங்குகிறாளா, கை நடுங்குகிறதா, யார் மேலாவது சந்தேகப்படுகிறாளா என்று கேட்பார். அதெல்லாம் அவர் வீட்டுக்குப் போன பிறகு, சொந்த போனில். பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்கும்.

இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. இருந்த சம்பளமே மாசக்கணக்கில் வராமல் நின்றபோதுதான் அவரும் மற்றவர்களும் கோரிக்கை அட்டையோடு வெயிலில் உட்கார்ந்தார்கள். அப்பா விஷயம் கேள்விப்பட்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கிப் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். பேச வந்த அதிகாரி "நோயாளிங்கள நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நோயாளி வீட்டுக்காரன் நான்தானுங்க. இந்தப் பொண்ணு வெறுத்துப்போய் வேற வேலைக்குப் போயிட்டா எம்மகளுக்கு யாரு போன் பண்றது, நீங்களா?" என்றாராம் அப்பா. அதற்கு மேல் அந்த அதிகாரி நோயாளி பேச்சையே எடுக்கவில்லை.

ஆதரிக்கச் சொல்வது இதனால்தான். ஊழியர்களை அடக்குவதற்கு நம் வீட்டு ஆளைத்தான் காட்டுவார்கள். அந்த இடத்தில் நாமே போய் நின்றுவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

இது சேலத்துச் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்று பெரிய மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் தெற்கு கலிஃபோர்னியா மனநல ஊழியர்கள் சுமார் 2,400 பேர் 2024 அக்டோபர் 21 அன்று வெளியே வந்தவர்கள், 2025 மே மாதம்தான் திரும்பினார்கள். சம்பளம், பென்ஷனோடு அவர்கள் கேட்ட இன்னொன்று என்ன தெரியுமா? நோயாளி எழுந்து போன பிறகு குறிப்பு எழுத, திரும்பக் கூப்பிட்டுப் பேச, வாரத்தில் 7 மணி நேரம். வடக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் சக ஊழியர்களுக்கு அது ஏற்கெனவே இருந்தது. எங்கள் மேடம் குக்கர் விசிலுக்கு நடுவில் செய்த வேலைக்குத்தான் அங்கே நேரம் கேட்டிருக்கிறார்கள்.

நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, கட்சியிலும் இல்லை. "அதுக்குள்ள ஒருத்தன் செத்துட்டா பொறுப்பு யாரு" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று: அவசர சிகிச்சையையும் வார்டையும் மூடச் சொல்லி நான் எழுதவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடம் எப்படி முடியும் என்பதற்கு ராமநாதபுரம் ஏர்வாடி மனநலக் காப்பகம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் தீயில் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள்.

நோயாளி மேல் இவ்வளவு அக்கறை இருக்கிறவர்கள் சீசனில் எங்கள் மலைப்பாதைக்கு வந்து பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் கார் நிறுத்தி செல்ஃபி. கோடை விழா சமயத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு கீழே போய்ச் சேருவதற்குள் ஓ.பி. சீட்டு கவுண்டர் மூடிவிடும். பஸ்ஸில் அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வெளியே ஒருத்தன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். இதைக் கேட்க ஒரு நாதி இல்லை. சரி, விடுங்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் போய், கூடுதல் நாட்களுக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். என்ன ஆனாலும் மாத்திரை நிற்கக் கூடாது. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ராத்திரியில் நிலைமை கைமீறினால் யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில், ஊழியர்களின் கோரிக்கையை முடித்துக்கொடுங்கள் என்று உங்கள் பெயரிலேயே ஒரு மனு போடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18வது பிரிவு, அரசு சேவையில் சிகிச்சை பெறுவதை நம் உரிமை என்கிறது, அதையும் ஒரு வரி எழுதுங்கள். ஓ.பி. சீட்டு ஜெராக்ஸை இணையுங்கள், ரசீது வாங்காமல் வந்துவிடாதீர்கள்.