பல ஐபி கேமராக்களின் காட்சிகளை ஒரே திரையில் காட்டுவது எப்படி?

நெட்வொர்க் வழியாகக் காட்சியை அனுப்பும் பதினாறு ஐபி கேமராக்களை ஒரே கணினித் திரையில் காட்ட முயன்றால் படம் திக்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் முதலில் நெட்வொர்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் உண்மையான சுமை, ஹெச்.264 முறையில் சுருக்கப்பட்டு வரும் வீடியோவை ஒவ்வொரு ஓடையாக (ஸ்ட்ரீமாக) விரித்தெடுக்கும் டிகோடிங் வேலையில் இருக்கிறது. 1920×1080 திரையை நான்குக்கு நான்கு கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கேமராவுக்குக் கிடைப்பது 480×270 புள்ளிகளே. ஆகவே ஒவ்வொரு கேமராவும் முழு 1080 தரத்தில் அனுப்பினால், கணினி அரும்பாடுபட்டு விரித்த புள்ளிகளில் பதினாறில் பதினைந்து பங்கைக் கட்ட அளவுக்குச் சிறிதாக்கும்போது வீணாக்குகிறது. இதற்காகவே பெரும்பாலான கேமராக்கள் முதன்மை ஓடையுடன் குறைந்த தரமுள்ள துணை ஓடை ஒன்றையும் ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் வீடியோ ஓடையைக் கேட்டுப் பெறும் நெறிமுறை) முகவரியில் தருகின்றன. கட்டங்களுக்குத் துணை ஓடையையும், ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் முதன்மை ஓடையையும் பயன்படுத்துங்கள். பதிவு செய்வதற்கும் முதன்மை ஓடையே உரியது.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் எக்ஸ்ஸ்டாக் வடிகட்டி எல்லாக் காட்சிகளையும் ஒரே படமாக இணைத்துத் தரும். அது அழகான தீர்வுதான், ஆனால் கண்காணிப்புக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை: அது எல்லா ஓடைகளின் நேரத்தையும் ஒத்திசைத்தே படத்தை உருவாக்குவதால், ஒரு கேமரா தடைபட்டால் மற்றவையும் அதற்காகக் காத்து நின்றுவிடக்கூடும். இணைத்த காட்சியை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் மீண்டும் சுருக்கும் செலவும் சேரும். கட்டத்துக்கு ஒரு தனி பிளேயர் இயங்கினால், அறுந்த ஓடை மட்டும் கறுத்துப்போகும், அதை மட்டும் மறுபடி இணைத்துக்கொள்ளலாம். வைஃபை வழியாக வரும் படம் சிதறினால், தொலைந்த தரவை மீண்டும் அனுப்பாத யுடிபி முறைக்குப் பதிலாக, மீண்டும் அனுப்பும் டிசிபி முறையைத் தேர்ந்தெடுங்கள். சற்றுத் தாமதமாகும், ஆனால் படம் உடையாது.