ஃபியட் 500 வெள்ளவத்தைக்குச் சரிவருமா?
தம்பி, கொழும்பு வெள்ளவத்தையில ஓட ஃபியட் 500 ஒண்டு வாங்கலாமோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறீங்கள். அந்தக் காரின்ர வடிவில மயங்காத ஆள் குறைவுதான். 1957இல வந்த குட்டிக் காரின்ர முகத்தை 2007இல திரும்பக் கொண்டுவந்தவங்கள். வெள்ளவத்தை ஒழுங்கையளுக்குள்ள திருப்பவும் பார்க் பண்ணவும் நல்ல சுகம். ஆனா நீங்கள் பார்த்து வச்சிருக்கிற காரில இருக்கிற டுவாலாஜிக் கியர், வழக்கமான ஆட்டோ கியர் இல்லை. உள்ளுக்கு இருக்கிறது மனுவல் கியர்தான். கிளச்சை மெஷின் மிதிக்குது. காலி வீதி நெரிசலில ஊர்ந்து ஊர்ந்து போகேக்க உதறும், கிளச்சும் கெதியாத் தேயும்.

அம்மாவையும் பிள்ளையளையும் ஏத்தோணும் எண்டும் எழுதியிருக்கிறீங்கள். ரெண்டே கதவு! முன் சீட்டை மடிச்சுத்தான் பின்னுக்கு ஏறலாம். வாகனச் சாமான் கடையள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில ஜப்பான் காருக்குச் சாமான் கிடைக்கிற மாதிரி இதுக்கு எதிர்பார்க்காதேங்கோ. ஆசை விடேல்லையெண்டால் 1.2 லீற்றர் எஞ்சின், மனுவல் கியராப் பாருங்கோ, எஞ்சினில காலத்துக்குக் காலம் மாத்தவேண்டிய டைமிங் பெல்ட் மாத்தின பில்லையும் கேளுங்கோ.