26 மாசத்துக்கு ஒரே பில்: கட்டணுமா, வழக்கு போடலாமா?

லண்டன்லேர்ந்து ஒரு சகோதரி ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. வீடு மாறி 26 மாசம், கேஸ்-கரன்ட் கம்பெனி பில்லே அனுப்பல, மாசம் 60 பவுண்ட் டைரக்ட் டெபிட் மட்டும் போயிட்டிருந்துச்சு, இப்போ திடீர்னு 2,640 பவுண்ட் பாக்கியாம். அம்மாவுக்கு மூட்டுவலி, ஹீட்டிங் போடவே பயம், போன்ல மரியாதையில்லாம பேசினாங்க, அந்தக் கோபத்துல டைரக்ட் டெபிட்டை நிறுத்திட்டேன், மன உளைச்சலுக்கு வழக்கு போடலாமாங்குறாங்க.

போன்ல பேசினதெல்லாம் விடுங்கம்மா, அது எதுக்கும் உதவாது. பில் வந்த தேதிய மட்டும் பாருங்க. அதுலேர்ந்து 12 மாசம் பின்னாடி எண்ணுங்க, அதுக்கும் முந்தி எரிச்ச கேஸுக்கும் கரன்ட்டுக்கும், பில் போடாதது அவங்க தப்புன்னா, பணம் கேக்க முடியாது. கேஸ், கரன்ட் கம்பெனிகளக் கண்காணிக்கிற அரசு அமைப்பு ஆஃப்ஜெம் போட்ட விதி அது. கடைசி 12 மாசம் உங்க தலையிலதான், அதுல பேச்சே இல்ல.

எனக்குப் பயம் வந்தது நடுவுல நீங்க சும்மா போட்ட ஒரு வரியில. மீட்டர் பாக்க வந்தவரு ரெண்டு தடவை கார்ட் போட்டுட்டுப் போனாரு, அம்மா கதவத் திறக்கலன்னு எழுதியிருக்கீங்களே, அது. மீட்டர் பாக்க விடாம நீங்கதான் தடுத்தீங்கன்னு அவங்க காட்டிட்டா அந்த 12 மாசக் கணக்கு உங்களுக்குக் கிடையாது. ரெண்டு கார்ட் அந்த அளவுக்குப் போகாது, ஆனா மூணாவது வரக்கூடாது. இன்னைக்கே மீட்டர போட்டோ எடுத்து ரீடிங்கோட ஈமெயில் பண்ணுங்க, வயசானவங்க பகல்ல தனியா இருக்காங்கன்னு கூடுதல் உதவி தேவைப்படுறவங்களுக்காக கம்பெனி வச்சிருக்கிற ப்ரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்லயும் அம்மா பேரச் சேருங்க.

அதவிடப் பெரிய தப்பு பணத்த நிறுத்தினது. சண்டை நடக்குது, அதனால கட்ட வேணாம்னு நினைச்சு கவரைக்கூடப் பிரிக்காம இருந்தவங்கள நான் பாத்திருக்கேன், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல வாரன்ட் வாங்கி, முன்கூட்டியே காசு போட்டாத்தான் ஓடுற ப்ரீபேமென்ட் மீட்டர கம்பெனிக்காரங்க மாட்டிட்டுப் போயிட்டாங்க, அப்புறம் டாப்அப் பண்ற காசுலயே பழைய கடனும் கழியுது, ஹீட்டிங்குக்கு மிச்சம் என்ன இருக்கும்? இப்போ எரிக்கிறதுக்கு மாசாமாசம் கட்டுங்க. முழு 2,640க்கும் தவணை போடலாம்னு போன்ல சொன்னா தலையாட்டிடாதீங்க, முதல்ல பழைய மாசங்களக் கழிச்சுப் புது பில் வரட்டும்.

புகார எழுத்துல கொடுங்க. 8 வாரத்துல முடியலன்னா, கம்பெனியச் சாராம புகாரத் தீர்த்து வைக்கிற எனர்ஜி ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், செலவில்லாம. நடுவுல பழசத் தள்ளிட்டு மிச்சத்துக்குத் தவணை தர்றோம், மன்னிப்புக்குக் கொஞ்சம் குறைக்கிறோம்னாங்கன்னா வாங்கிட்டு முடிச்சிடுங்க. உளைச்சலுக்கு வழக்குன்னு கிளம்பினா வர்றதவிடப் போறதுதான் ஜாஸ்தி.

அம்மாவுக்கு, வருமானம் கம்மியான வயசானவங்களுக்கு அரசு தர்ற பென்ஷன் கிரெடிட் வருதுன்னா, கரன்ட் பில்லுல கழிக்கிற வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட் 150 பவுண்ட் உண்டு, ஆனா கரன்ட் பில்லுல அவங்க பேர் இருக்கணும், உங்க பில் உங்க பேர்ல இருக்கு. அதுக்காக இப்பவே ஓடிப்போய் பேர மாத்தாதீங்க, கடன்லேர்ந்து தப்பிக்கப் பாக்குறீங்கன்னு அவங்க சொல்றதுக்கு அது ஒண்ணு போதும்.