வாசகர் கேள்விகள்: குளிர்கால அடுப்பும் உணவுத் தினங்களும்

கேள்வி: அக்கா, நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகள் பள்ளியிலிருந்து வந்து, "ஜனவரி 23 பை (மாவு மேலோட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் pie) தினம், நம் வீட்டிலும் செய்யணும்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். பாப்கார்னுக்கு ஒரு நாள், டோனட்டுக்கு ஒரு நாள் என்று இங்கே தினமும் ஏதாவது ஒன்று வருகிறது. இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? நாமும் கொண்டாட வேண்டுமா?
– ஒரு வாசகி, மினியாபொலிஸ்

பதில்: பெரும்பாலான நாட்களுக்கு அரசாங்க உத்தரவு எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் சொல்ல, நாலு பேர் பிடித்துக்கொள்ள, அப்படியே நிலைத்துப் போனவைதான். விதிவிலக்கும் உண்டு. ஜூலை மாதத்தின் மூன்றாவது ஞாயிறை ஐஸ்கிரீம் தினம் என்று 1984-இல் அதிபர் ரீகனே அறிவித்தார். டோனட் தினத்தை 1938-இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி தொடங்கியது; முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்த பெண்களின் நினைவாக.

உங்கள் மகள் கேட்கும் பை தினத்தின் கதை இன்னும் அழகு. கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஊரில் சார்லி பபாசியன் என்று ஒரு ஆசிரியர். 1970-களில் தன் பிறந்தநாளான ஜனவரி 23-ஐ, கேக்குக்குப் பதிலாகப் பை சாப்பிடும் நாள் என்று அவராகவே சொல்லிவிட்டார். பிறகு 1986 முதல் அமெரிக்கப் பை கவுன்சில் அதை எடுத்து நடத்துகிறது. (மார்ச் 14 வேறு, அது கணக்குப் பாடத்தில் வரும் பைக்கு.)

கொண்டாடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் கூப்பனைக் காட்டிக் கடையில் வாங்கி வராதீர்கள், மகளை மாவு பிசைய விடுங்கள். ஜனவரி குளிரில் ஓவன் எரிந்தால் வீடும் கொஞ்சம் சூடாகும்.

இனிப்புப் பை வேண்டாம், காரமாகச் செய்யுங்கள். 150 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 50 மில்லி ஐஸ் தண்ணீர், உப்பு. வெண்ணெயை மாவில் உதிர்த்துவிடும்போது பட்டாணி அளவுக் கட்டிகள் அங்கங்கே தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், முழுக்கக் கரைந்துவிட்டால் மேலோடு அடுக்கடுக்காக வராது. தண்ணீர் தெளித்துச் சேர்த்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே வைக்க உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி போட்டு மிளகு தூக்கலாகக் கெட்டிக் குருமா. அது நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மேலே மூடும் மாவில் வெண்ணெய் உருகிவிடும். ஆவி போக நாலு கீறல் போட்டு, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரத்துக்கு மேல், மேலோடு பொன்னிறமாகும்வரை.

கேள்வி: இதெல்லாம் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம். நமக்கு எதற்கு?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பாதி சரி, ஐயா. கொரியாவில் நவம்பர் 11 பெப்பெரோ தினம், அன்றைக்கு ஒரு பிஸ்கட்டை வாங்கி ஆளுக்கு ஆள் கொடுத்துக்கொள்கிறார்கள். நாலு ஒன்றுகள் குச்சிக் குச்சியாக அந்தப் பிஸ்கட் போலவே இருக்கின்றன என்பதுதான் காரணம். அதை விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு பண்டத்துக்கு ஒரு நாள் என்பது நமக்குப் புதிதா என்ன? மார்கழித் திருவாதிரைக்குக் களி. சேந்தனார் வீட்டுக் களியைத் தில்லை நடராசர் விரும்பி உண்டார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குளிரில் வறுத்த அரிசியும் வெல்லமும் நெய்யும் உடம்புக்கு எவ்வளவு இதம்! கூடவே வரும் ஏழுகறிக் கூட்டில் மொச்சை, சேனை, பூசணி, சர்க்கரைவள்ளி, அவரை என்று அந்தப் பருவத்துக் காய் எல்லாம் வந்துவிடும். அரிசியையும் பாசிப்பருப்பையும் நாலுக்கு ஒன்று எடுத்துத் தனித்தனியாக வாசனை வர வறுத்து, ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்ட பிறகுதான் ரவை போட வேண்டும். தேங்காய்த் துருவலில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் களி பல வீடுகளில் நின்றுபோய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். வெளிநாட்டுத் தினங்கள் வருவதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, நாம் இதை விட்டுவிட்டதால்தான் குறைந்தது.

கேள்வி: அக்கா, நான் கொரியன் சீரியல் பைத்தியம். குளிர்காலத்தில் சிவப்பாக ஒரு கஞ்சி குடிக்கிறார்களே, அது என்ன? நம்ம ஊரில் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அது பட்ஜுக். டிசம்பர் 21 அல்லது 22, ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளை அவர்கள் தோங்ஜி என்கிறார்கள், அன்றைக்கு இந்தக் கஞ்சி. சிவப்பு நிறம் கெட்ட ஆவியை விரட்டும் என்று முன்பெல்லாம் வாசலிலும் சுவரிலும் இதைத் தெளிப்பார்களாம். நம் ஆரத்தித் தட்டிலும் சிவப்புதானே! கஞ்சிக்குள் வெள்ளையாக அரிசிமாவு உருண்டைகள் மிதக்கும், வயதுக்கு ஒன்று வீதம் சாப்பிடுவது வழக்கம். உனக்கு இருபதோடு முடிந்துவிடும், பாட்டிகளின் பாடுதான் திண்டாட்டம்.

அவர்கள் போடும் அசுகிப் பயறு மதுரையில் சுலபமாகக் கிடைக்காது. சிவப்புத் தட்டைப்பயறு எடுத்துக்கொள். ஒரு கொதி விட்டு முதல் தண்ணீரைக் கொட்டிவிடு, துவர்ப்பு போகும். புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவைத்து, மசித்து, தோல் நீங்க வடிகட்டு. அந்தச் சாற்றில் ஊறவைத்த ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இரு. உருண்டைக்கு அவர்கள் ஒட்டும் அரிசி மாவு போடுவார்கள், நம் கொழுக்கட்டை மாவில் அந்த இழுவை வராது. செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் ஒட்டும் ரகம்தான், மாவாக்கிச் செய்து பார், நிறம் மட்டும் கறுப்பாக வரும். சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டிக் கஞ்சியிலேயே போடு, மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. கடைசியில் உப்பு. இனிப்பு வேண்டுமென்றால் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊரில ஆடிப் பிறப்புக்குக் கூழ் காய்ச்சுவம். இங்க ஜனவரிப் பனியில ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சலாமோ?
– யாழ்ப்பாணத்து வாசகி, ரொறன்ரோ

பதில்: தாராளமாகக் காய்ச்சுங்கள் அக்கா, பனிக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையில்! ஒடியல் மாவை ஊறவைத்து மேல் தண்ணீரை வடித்த பிறகு சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அதைக் கையோடு காட்டிக்கொடுங்கள். கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணமான பிளா கோலப் பனையோலைக்கு அங்கே எங்கே போவது, கோப்பையில் குடித்தாலும் ருசி குறையாது.

கேள்வி: செலவில்லாமல் கொண்டாட ஒரு நாள் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பிப்ரவரி 10, உலகப் பருப்பு தினம். ஐ.நா. அறிவிப்பில் 2019 முதல் கொண்டாடப்படுகிறது. காலைக் குளிர் விட்டிருக்காது, கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வையுங்கள், வெந்த கொள்ளை வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டோடு அம்மியில் அரைத்தெடுத்தால் துவையல் ஆச்சு. ரசத்துக்குப் புளி கொஞ்சமாக, மிளகும் சீரகமும் அப்போதே தட்டிப் போட்டது.